கரும்புச் சீமையிலே போலி இனிப்பு!

பண்ருட்டி! பெயரைச் சொன்னால் போதும், பலாவின் மணம் மூக்கிலே ஏறும். கெடிலக் கரையிலே ஊர், வடக்கே தென்பெண்ணை, தெற்கே கண்ணுக்கெட்டிய மட்டும் முந்திரி. கடலூர் செல்லும் சாலையிலே போனால் நெல்லிக்குப்பம், 1842ஆம் ஆண்டிலேயே சர்க்கரை ஆலை கண்ட ஊர். மண்ணும் மரமும் ஆலையும் இனிப்பையே ஈனும் இந்த வட்டாரத்திலே, வெயில் மண்டையைப் பிளக்கும் ஒரு நண்பகலில், பலா மண்டியின் வாயிலில் நான் கண்ட காட்சியைத் தோழர்களிடம் சொல்லியாக வேண்டும்.

லாரிக்குப் பழம் ஏற்றிக்கொண்டிருந்தார் ஒரு தோழர். ஐம்பதைத் தாண்டிய வயது. இருபது கிலோப் பழம், முப்பது கிலோப் பழம், முள் குத்தும் பழம், பால் வடியும் பழம். தோளிலே சாக்கு, உடலெல்லாம் வியர்வை. ஐந்து நிமிடம் ஓய்வு கிடைத்தது. எதிர்க்கடைக்கு நடந்தார். "சர்க்கரை இல்லாத கோலா ஒண்ணு குடு தம்பி" என்றார். பத்து ரூபாய் பாட்டில். ஒரே மூச்சில் தீர்த்தார்.

கூட நின்ற இளைஞருக்குப் பொறுக்கவில்லை. நம் கிளையைச் சேர்ந்தவர்தான். படித்தவர், பற்றுள்ளவர், சூடானவர்.

"என்னண்ணே இது! பலாவைச் சுமந்துகிட்டு, பாட்டிலிலே மருந்துத் தண்ணி குடிக்கிறீங்களே! பக்கத்திலேயே கரும்புச்சாறு பிழியறான். இயற்கை இனிப்பு. அதைக் குடிக்கக் கூடாதா?"

"சர்க்கரை வியாதி தம்பி எனக்கு. டாக்டரம்மா இனிப்பைத் தொடாதேன்னு சொல்லிட்டாங்க. நாக்கு கேக்குதே, என்ன செய்ய? இதிலே சர்க்கரையே இல்லைன்னு போட்டிருக்கான்."

"இயற்கைச் சர்க்கரை ஒண்ணும் செய்யாதுண்ணே!"

இங்கேதான் நான் குறுக்கிட வேண்டி வந்தது. இளைஞர் பேசியதிலே பாதி, நாம் மேடை போட்டுச் சொல்ல வேண்டிய செய்தி. ஆனால் அந்தக் கடைசி வாக்கியம் இருக்கிறதே, அது ஆளையே வீழ்த்தக்கூடிய பொய். முதியவர் சொன்னதிலோ, மருத்துவரிடம் அவர் வைத்திருந்த மதிப்பு மெய்; பாட்டிலின்மேல் வைத்திருந்த நம்பிக்கைதான் ஏமாற்றம். இருவரையும் உட்கார வைத்து அன்று பேசியதையும், பேச நேரமில்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

கை கழுவாதவர்களின் கண்டுபிடிப்பு!

சர்க்கரை இல்லாமல் இனிக்கிறதே, அது என்ன மாயம்? மாயமில்லை தோழர்களே, சோதனைச் சாலை! அமெரிக்காவிலே பால்டிமோர் நகரில், 1879இல், நிலக்கரித் தாரிலிருந்து கிடைக்கும் பொருள்களை வைத்து ஆராய்ந்துகொண்டிருந்தார் பால்பர்க் என்பவர். வேலை முடிந்து, கையைச் சரியாகக் கழுவாமல் உணவுக்கு உட்கார்ந்தார். ரொட்டி இனித்தது. ரொட்டி இனித்ததா, கை இனித்ததா? கைதான் இனித்தது. அதுவே சாக்கரின், சர்க்கரையைப் போல முந்நூறு மடங்குக்கு மேல் இனிப்பு.

1937இல் இல்லினாய் பல்கலைக்கழகத்திலே ஒரு மாணவர், சோதனைச் சாலையிலேயே சிகரெட் பிடித்தார். கீழே வைத்து எடுத்தார், இனித்தது. அது சைக்லமேட். 1965இல் குடற்புண்ணுக்கு மருந்து தேடிய ஒருவர், காகிதத்தை எடுக்க விரலை நக்கினார். அது ஆஸ்பர்டேம். 1976இல் லண்டனில் நடந்தது இன்னும் வேடிக்கை. நம் நாட்டிலிருந்து போன பட்னிஸ் என்ற ஆராய்ச்சியாளரிடம், இந்தப் பொருளைச் சோதித்துப் பார் என்று ஆங்கிலத்தில் சொன்னாராம் மேலதிகாரி. இவர் காதில் ருசித்துப் பார் என்று விழுந்தது. ருசித்தார். சுக்ரலோஸ் பிறந்தது! இனிப்பைத் தேடிப் போனவர்கள் கண்டதைவிட, கை கழுவ மறந்தவர்கள் கண்டதே அதிகம் போலும்.

இந்த இனிப்புகளைப் பாட்டிலில் அடைத்த கதையையும் கேளுங்கள். 1952இல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியிலே, நீரிழிவு நோயாளிகளும் குடிக்க ஒரு பானம் வேண்டுமே என்று, சர்க்கரையில்லாத ஒன்றை ஒரு சிறு கம்பெனி செய்தது. நோ-கால் என்று பெயர். நோக்கம் நல்ல நோக்கம்தான். நோயாளிகளுக்குச் செய்ததை, நோயில்லாத நாகரிகச் சீமாட்டிகள் இடை மெலிய வேண்டுமென்று வாங்கக் கண்டனர் வியாபாரிகள். விடுவார்களா? 1958இல் டயட் ரைட் வந்தது. 1963இல் கோகோ கோலாக்காரர்களின் டேப். 1964இல் டயட் பெப்சி. மருத்துவமனைக்கென்று பிறந்த சரக்கு மாளிகைக்குப் போயிற்று, மாளிகையிலிருந்து சந்தைக்கு வந்தது. 1969இல் சைக்லமேட்டை அமெரிக்க அரசு தடை செய்தது. பானம் நின்றதா? இல்லை, இனிப்பின் பெயர்தான் மாறியது. 1982இல் டயட் கோக். இன்று 'ஜீரோ' என்று புதுப் பெயர் சூடி, பத்து ரூபாய் பாட்டிலாகப் பண்ருட்டி பெட்டிக்கடையில் வந்து நிற்கிறது.

அப்படியானால் இது நஞ்சா? நஞ்சு என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டால் கைதட்டல் கிடைக்கும். ஆனால் தெரிந்ததைத் தெரிந்த அளவுக்கே சொல்லவேண்டும். 2023 சூலையில், உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆய்வு முகமை, ஆஸ்பர்டேமைப் 'புற்றுநோய் உண்டாக்கும் வாய்ப்பு இருக்கலாம்' என்ற பட்டியலில் சேர்த்தது. சான்று வலுவில்லாதபோது வைக்கும் பட்டியல் அது. அதே நேரத்தில் வேறொரு வல்லுநர் குழு, உடல் எடையில் கிலோவுக்கு 40 மில்லிகிராம் வரை ஒரு நாளைக்கு உட்கொள்ளலாம் என்ற பழைய வரம்பு மாறத் தேவையில்லை என்றது. எழுபது கிலோ எடையுள்ள ஆள் அந்த வரம்பைத் தாண்ட, நாளொன்றுக்கு ஒன்பது டப்பாவுக்கு மேல் குடிக்க வேண்டும். ஆகவே, ஒரு பாட்டில் குடித்தவர் அஞ்சி நடுங்க வேண்டியதில்லை.

நாம் கவனிக்க வேண்டிய அறிக்கை வேறு. அதற்கு இரண்டு மாதம் முன்னே, 2023 மே திங்களில், அதே உலக சுகாதார நிறுவனம் சொன்னது: உடல் எடையைக் கட்டுப்படுத்த இந்தப் போலி இனிப்புகளை நம்பாதீர்கள், நீண்ட நாளைக்கு அதனால் பயன் இல்லை, நெடுநாள் உட்கொள்வோரிடம் நீரிழிவும் இதய நோயும் கூடுதலாகக் காணப்படுகின்றன. இனிப்பால்தான் நோய் வந்தது என்று அறுதியிட்டுச் சொல்லவில்லை. நோய் வரும் நிலையில் உள்ளவர்களே அதை அதிகம் குடிக்கவும் கூடும். ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களுக்கு இந்தப் பரிந்துரை பொருந்தாது என்றும் அந்த அறிக்கை சொல்கிறது. மூட்டை தூக்கும் நம் தோழருக்கு அவர் மருத்துவர் சொல்வதே சட்டம்.

என் குறை வேறு. இந்தப் பாட்டில் நாவை இனிப்புக்கு அடிமையாகவே வைத்திருக்கிறது. சர்க்கரையை எடுத்துவிட்டு ஆசையை விட்டுவைக்கிறது. காலையிலே தேநீரில் சர்க்கரை குறைத்தவர், பகலிலே இதை இரண்டு குடிக்கிறார். வியர்வையோடு வெளியேறிய உப்புக்கும் நீருக்கும் ஈடு கேட்கிறது உடல். அதற்குக் காற்றடைத்த இனிப்பைக் கொடுத்து வாயை அடைக்கிறார்கள்!

இயற்கை என்றால் எல்லாம் சரியா?

இனி இளைஞர் பக்கம் வருவோம். போலி இனிப்பை விட்டு இயற்கை இனிப்புக்கு மாறுவோம் என்ற குரல் இன்று பல நாடுகளில் கேட்கிறது. நல்ல குரல். ஆனால் அந்தக் குரலை முதலில் கேட்டவர் யார் தெரியுமா? விளம்பரக்காரர்!

அமெரிக்காவிலே 1980களில் கோலாக்களில் சர்க்கரையை எடுத்துவிட்டு மக்காச்சோளப் பாகை ஊற்றினார்கள், மலிவு என்பதால். 2025இல் அங்கே கரும்புச் சர்க்கரை போட்ட கோலாவைக் கோகோ கோலா கம்பெனியே புதிய சரக்கு என்று கொண்டுவந்தது. அதிபர் டிரம்பே அதற்குக் கட்டியம் கூறினார். நம் ஊரில் அந்தக் கம்பெனியின் சாதாரணப் பாட்டிலிலே இருப்பது என்ன? கரும்புச் சர்க்கரைதான்! அமெரிக்காவில் அதிசயம், பண்ருட்டியில் பழைய சரக்கு. கரும்புச் சர்க்கரை போட்டதாலேயே அது நாட்டுப் பானம் ஆகிவிடுமா, நன்மை செய்யும் பானம் ஆகிவிடுமா?

சீனித் துளசி என்று ஒரு செடி. தென்னமெரிக்காவின் பராகுவே நாட்டுப் பழங்குடி மக்கள் கண்ட இனிப்பு இலை. அதன் சாரத்தைப் போட்டு 2013இல் பச்சை நிறச் சீட்டு ஒட்டிய கோலா ஒன்று வந்தது. இயற்கை, இயற்கை என்று முழங்கினார்கள். அதிலும் சர்க்கரை இருக்கத்தான் செய்தது. சில ஆண்டுகளில் விற்பனையே நின்றுபோயிற்று.

இப்போது நம்முடைய பானங்களையே எடுத்துக்கொள்வோம்; பிறர் சரக்கைச் சோதிப்பவன் தன் சரக்கையும் சோதிக்க வேண்டும் அல்லவா? கோலா நூறு மில்லிக்குப் பத்தரை கிராம் சர்க்கரை. முந்நூறு மில்லி பாட்டிலில் ஏறத்தாழ 32 கிராம், எட்டுத் தேக்கரண்டி! சேர்க்கும் சர்க்கரை, பழச்சாற்றுச் சர்க்கரை, தேன் எல்லாம் சேர்ந்து நாளொன்றுக்கு 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2015ஆம் ஆண்டு அறிவுரை. பதநீரில் எவ்வளவு? நூற்றுக்குப் பத்துக்குக் குறையாது. கரும்புச்சாறு அதற்கும் மேல். வெல்லமும் கருப்பட்டியும் நிறத்திலே கறுப்பு, மணத்திலே உயர்வு, கொஞ்சம் தாதுப்பொருள்களும் உண்டு. ஆனால் பெரும் பகுதி சர்க்கரையே. குருதியிலே ஏறும்போது, நான் நெல்லிக்குப்பத்துச் சர்க்கரை, நான் உடன்குடிக் கருப்பட்டி என்று அது ஊர் பேர் சொல்லிக்கொண்டு ஏறுவதில்லை.

2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு சொல்கிறது: தமிழ்நாட்டில் வயது வந்தோரில் நூற்றுக்கு 14.4 பேருக்கு நீரிழிவு. ஏழு பேருக்கு ஒருவர்! நம் கிளைக் கூட்டத்தில் இருபத்தொரு பேர் உட்கார்ந்தால் மூன்று பேர். பலருக்குத் தமக்கு நோய் இருப்பதே தெரியாது. அவர்களிடம் போய், இயற்கை ஒன்றும் செய்யாது, இரண்டு குவளை கரும்புச்சாறு குடியுங்கள் என்று சொல்லலாமா? ஆர்வக் கோளாறால் ஒரு தோழரின் காலை இழக்க வைக்கலாமா?

போதாக்குறைக்குக் கலப்படம். பதநீர் என்று விற்பதிலே சாக்கரின் தண்ணீர். கருப்பட்டி என்று விற்பதிலே வெள்ளைச் சர்க்கரை. மலிவுக் கலரிலும் குச்சி ஐசிலும் சாக்கரின். முன்வாசலில் விரட்டிய போலி இனிப்பு கொல்லைப்புறமாக வருகிறது! பாட்டிலாவது எண்ணைப் போடுகிறது. 950, 951, 955 என்ற எண்கள் சீட்டிலே இருந்தால் போலி இனிப்பு என்று அறிந்துகொள்ளுங்கள். 954 என்றால் சாக்கரின். கண்ணாடி போட்டுக்கொண்டு படிக்க வேண்டிய பொடி எழுத்து, ஆனாலும் படியுங்கள்.

பத்து ரூபாய் யாருக்குப் போகிறது?

இத்தனையும் சொன்ன பிறகும், போலி இனிப்புப் பாட்டிலை விட்டு நாட்டுப் பானத்துக்கு மாறவேண்டும் என்றே சொல்வேன். ஏன்? கணக்குப் போட்டுப் பாருங்கள்.

பத்து ரூபாய்க்கு விற்கும் 200 மில்லி சர்க்கரைப் பாட்டிலிலே சர்க்கரை ஏறத்தாழ 21 கிராம். நூறு கிலோ கரும்பு பத்தேகால் கிலோ சர்க்கரை தரும் என்ற கணக்கிலே, 2025-26 பருவத்துக்கு மத்திய அரசு நிர்ணயித்த விலை குவிண்டாலுக்கு 355 ரூபாய். அப்படியானால் அந்த 21 கிராமுக்கு வேண்டிய கரும்பு இருநூறு கிராம் சொச்சம். கரும்பு விளைவித்தவருக்கு அதில் கிடைப்பது முக்கால் ரூபாய்க்கும் குறைவு. அதே பாட்டிலில் அரசுக்குப் போகும் வரி? நூற்றுக்கு நாற்பது, பத்து ரூபாயில் ஏறத்தாழ இரண்டு ரூபாய் எண்பத்தைந்து காசு. ஆண்டு முழுதும் சேற்றில் நின்றவருக்கு முக்கால் ரூபாய், சீட்டு எழுதுபவருக்கு மூன்று ரூபாய்க்குச் சற்றுக் குறைவு!

'ஜீரோ' பாட்டிலுக்கு வாருங்கள். அதே விலை, அதே வரி. கரும்பு விளைவித்தவருக்கு? அவருக்கும் ஜீரோ! பெயர் பொருத்தம் அங்கேதான் இருக்கிறது.

தெருவோரம் ஆலை வைத்துக் கரும்பு பிழிகிறாரே, அவரிடம் ஒரு குவளை வாங்கினால் நானூறு, ஐந்நூறு கிராம் கரும்பின் விலை விளைவித்தவரிடம் போகிறது. மிச்சம் பிழிந்தவர் குடும்பத்துக்கு. பதநீர் வாங்கினால், நாளுக்கு இரண்டு முறை பனை ஏறி இறங்குபவருக்குப் போகிறது. கலயத்திலே சுண்ணாம்பு தடவ வேண்டும். கொஞ்சம் தவறினால் பதநீர் சில மணி நேரத்தில் புளித்துக் கள்ளாகிவிடும். கள்ளுக்கோ 1987 முதல் இந்த மாநிலத்தில் தடை. மரத்தின் மேலே விழுந்துவிடும் அச்சம், கீழே இறங்கினால் வழக்கு வரும் அச்சம்! மாநில மரம் என்று பனைக்குப் பட்டம் சூட்டியிருக்கிறோம். ஏறுபவருக்கு என்ன சூட்டினோம்?

பலாவின் கதை இன்னும் கொடுமை. 2011 டிசம்பர் 30ஆம் நாள் தானே புயல் அடித்தபோது இந்த வட்டாரத்துப் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. தாத்தா நட்ட மரம் பேரன் கண்ணெதிரே விழுந்தது. மீண்டும் நட்டு, மீண்டும் காய்த்து, மீண்டும் மண்டிக்கு வந்திருக்கிறது. பருவம் உச்சத்துக்கு வந்தால் விலை விழும், பழம் காத்திருக்குமா? வெடித்து அழுகும். 2014 செப்டம்பரில், கருநாடகத்துத் தும்கூரிலே பேசிய பிரதமர், குளிர்பானங்களில் ஐந்து விழுக்காடு பழச்சாறு சேருங்கள், உழவர் பிழைப்பார் என்று கம்பெனிகளைக் கேட்டுக்கொண்டார். கேட்டது நியாயமே. கேட்டவர் பேச்சுக்குக் கிடைத்த பலன் என்ன? பண்ருட்டிக் கடைகளின் குளிர்பெட்டிகளிலே பலா மணக்கும் பாட்டில் ஒன்றை நான் கண்டதில்லை.

நம் ஊர் இளைஞர் நாலு பேர் கூடி, சுளையை அரைத்து, பானமாக்கி விற்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 2025 செப்டம்பர் 22 முதல் நடப்பிலிருக்கும் வரிப்படி, பழச்சாற்றுப் பானத்துக்கு ஐந்து விழுக்காடு. அதே பானத்திலே கொஞ்சம் காற்றை அடைத்தால்? நாற்பது விழுக்காடு! காற்றுக்கு இத்தனை விலையா? பிரிட்டனிலே 2018 முதல் குளிர்பானத்துக்கு ஒரு வரி இருக்கிறது. சர்க்கரை எவ்வளவு என்று பார்த்துப் போடுகிறார்கள். குறைத்தால் வரியில்லை. இங்கேயோ சர்க்கரை கொட்டினாலும் ஒன்று, குறைத்தாலும் ஒன்று, போலி இனிப்பு போட்டாலும் ஒன்று. உலகளாவிய கம்பெனிக்கும் நாற்பது, பன்னீர் சோடா அடைத்து விற்றுப் பதிவுக்குள் வந்துவிட்ட உள்ளூர்க்காரருக்கும் நாற்பது. சிறுதொழில் செய்வோருக்கென்று 'காம்போசிஷன்' என்று கணக்கர்கள் சொல்லும் எளிய வரி முறை ஒன்று உண்டே, அதிலாவது இடம் கொடுத்தார்களா? 2019இல் அந்தக் கதவையும் சாத்திவிட்டார்கள். பிரிட்டனின் முறை குறையற்றதல்ல. சர்க்கரையைக் குறைத்த கம்பெனிகள் போலி இனிப்பைத்தான் கூட்டின. ஆனால் எதற்காக வரி என்ற கேள்விக்காவது அங்கே விடை இருக்கிறது.

2017இல் ஒரு முறை பார்த்தோம்!

உள்ளூர்ச் சரக்குக்கு ஆள் இல்லையா? இருந்தார்கள், இருக்கிறார்கள். விருதுநகரில் 1916இல் பழனியப்ப நாடார் தொடங்கிய காளி மார்க், நூறாண்டு தாண்டி நிற்கிறது. அவர்களுடைய பொவன்டோ குடிக்காத தலைமுறை இங்கே உண்டா? கோலி சோடாப் பட்டறை இல்லாத ஊர் ஒரு காலத்தில் உண்டா? 1977இல் கோகோ கோலா, பங்குகளை இந்தியருக்கு விடவேண்டும் என்ற நிபந்தனைக்கு உடன்படாமல் நாட்டைவிட்டே போயிற்று. 1993இல் திரும்பி வந்தது. வந்ததும் உள்நாட்டில் ஓடிக்கொண்டிருந்த பெயர்களை விலைக்கு வாங்கியது. எதிரே நின்ற சிறு பட்டறைகள் ஒவ்வொன்றாய் அணைந்தன.

2017 சனவரியில் ஏறுதழுவலுக்காக மெரினாவிலே மாணவர் கூடிய நாள்களில், இந்த இரு பெரிய கம்பெனிகளின் பானங்களும் வேண்டாம் என்ற முழக்கமும் எழுந்தது. தாமிரபரணித் தண்ணீரை எடுத்துப் பாட்டிலில் அடைக்கிறார்களே என்ற கொதிப்பும் சேர்ந்தது. வணிகர் அமைப்புகள் மார்ச் முதல் நாள் தொட்டு அவற்றை விற்பதில்லை என்று முடிவெடுத்தன. கடைகளில் பொவன்டோவுக்குத் தேவை கூடியது. நம் தோழர்கள் எவ்வளவு மகிழ்ந்தார்கள்!

பிறகு? கோடை முடியுமுன்னே பல கடைகளில் பழைய பாட்டில்கள் தலை காட்டின. கடைக்காரரைத் திட்டிப் பயனில்லை. பெரிய கம்பெனி கடைக்குக் குளிர்பெட்டி கொடுக்கிறது. அதிலே அதன் சரக்கைத்தான் வைக்க வேண்டும். நாள் தவறாமல் வண்டி வருகிறது. உள்ளூர்ப் பட்டறைக்காரரோ, திடீரென்று ஆயிரம் பெட்டி கேட்டால் எங்கே போவார்? பாட்டில் இல்லை, கடன் இல்லை, வண்டி இல்லை. உணர்ச்சி ஒரு மாதம் தாங்கும். குளிர்பெட்டி பன்னிரண்டு மாதமும் ஓடும். அன்று நாம் கடையை நோக்கி முழங்கினோம், பட்டறையைப் போய்ப் பார்க்கவில்லை. இது நம் தவறு. சொல்லிவிடுகிறேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். நம் பொதுக்கூட்ட மேடையிலே பேச்சாளருக்கு வரும் பாட்டில் எது? மாநாட்டுத் திடலிலே பெட்டி பெட்டியாக இறங்குவது எது? ஏகபோக முதலாளிகளை இரண்டு மணி நேரம் சாடிவிட்டு, தொண்டை வறண்டதும் அவர்கள் பாட்டிலையே திருகுகிறோம்!

2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடர் என்று தமிழக அரசு அறிவித்தது. ஆண்டுதோறும் சித்திரையில் நாமும் தண்ணீர்ப் பந்தல் போடுகிறோம். முதல் நாள் படம் எடுப்பதோடு பல இடங்களில் பானை காய்ந்துவிடுகிறது என்பதையும் நாம் அறிவோம். அந்தப் பந்தலைத்தான் இந்த விவகாரத்துக்கு மருந்தாகக் காண்கிறேன்.

மண்டியில் அன்று பேசி முடித்தபோது கிளைத் தோழர்கள் ஒரு ஏற்பாட்டுக்கு வந்தார்கள். மண்டி வாயிலிலேயே பந்தல். மூன்று பானை. ஒன்றிலே வெட்டிவேர் போட்ட தண்ணீர். கடலூர்க் கடற்கரை மணலிலே விளையும் வேர், சர்க்கரை என்ற பேச்சே இல்லை, எவரும் குடிக்கலாம். இரண்டாவது நீர்மோர், உப்பு, இஞ்சி, கறிவேப்பிலை, பச்சை மிளகாய். வியர்த்தவனுக்கு வேண்டியது அதுதான். மூன்றாவது பானகம். வெல்லம், சுக்கு, ஏலக்காய், எலுமிச்சை. இதிலேதான் வாதம் வந்தது. இளைஞர் வெல்லத்தை அள்ளிப் போட வந்தார். தராசு கொண்டுவரச் சொன்னேன். லிட்டருக்கு ஐம்பது கிராம், அதற்கு மேல் இல்லை. நூற்றைம்பது மில்லி தம்ளரிலே ஏழரை கிராம் இனிப்பு விழும். கடைப் பாட்டிலிலே இருப்பதில் மூன்றில் ஒரு பங்கு. பானையிலே அகப்பை நம் கையில் இருக்கிறது. பாட்டிலிலே அது கம்பெனி கையில் இருக்கிறது. பானகப் பானையின் மேல், "சர்க்கரை வியாதி உள்ளவர்கள் பக்கத்துப் பானை" என்று அட்டையில் எழுதி மாட்டினோம்.

கூட்டங்களுக்கு வேண்டிய சோடாவையும் கலரையும் உள்ளூர்ப் பட்டறையில் முன்பணம் கொடுத்து, முன்கூட்டியே சொல்லி வாங்குவது என்றும் தீர்மானித்தார்கள். முன்பணம் என்றதும் பட்டறைக்காரர் நம்பவேயில்லை. கட்சிக்காரர் வந்தால் கடன் என்றுதான் அவருக்குப் பழக்கம்! சாக்கரின் போடக்கூடாது, சர்க்கரை பாதி போதும் என்று சொன்னதற்கு, "பாதி போட்டா வாங்கறவன் திட்டுவானே" என்றார். ஒரு பெட்டி அப்படிச் செய்து தாருங்கள், நாங்களே குடிக்கிறோம் என்றோம். குடித்தோம். முதல் பாட்டில் சப்பென்றுதான் இருந்தது. மூன்றாம் நாள் பழகிவிட்டது.

மூட்டை தூக்கும் நம் தோழர், பந்தல் போட்ட நாலாம் நாள்தான் வந்தார். எதிர்க்கடையைப் பார்த்தார், பந்தலைப் பார்த்தார். நீர்மோரை ஒரு தம்ளர் குடித்து, முகத்தைச் சுளித்து, "உப்பு பத்தலே தம்பி" என்றார். இளைஞர் உப்புச் சாடியை நகர்த்தினார். "டாக்டரம்மாகிட்ட உப்பையும் கேட்டுக்கிட்டீங்களாண்ணே?" என்று கேட்டார். "கேட்டேன் கேட்டேன். பிரஷர் இல்லையாம்" என்று சொல்லிக்கொண்டே ஒரு சிட்டிகை போட்டுக் கலக்கினார். அதற்குள் லாரிக்காரர் ஆரன் அடித்துவிட்டார். தம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு, தோளிலே சாக்கை இழுத்துப் போட்டுக்கொண்டு நடந்தவர், பாதி வழியில் திரும்பி, "ஆனி வரைக்கும் இருக்குமா, இல்லே படம் எடுத்ததோட சரியா?" என்று கேட்டார்.